காசு கொடுத்து மரம் பார்க்கப் போகலாமா? தாப்பாவின் காட்டு நடைச் சேவை குறித்து

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், கோலா வோ பக்கத்து ஆற்றோரக் காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மக்களை அழைத்துச் சென்று வரும் சிறு சேவை ஒன்றை நம் ஊர்த் தமிழ் இளைஞர்கள் இருவர் நடத்தி வருகிறார்கள். பெயர்ப்பலகையோ அலுவலகமோ கிடையாது. பதிவு முழுவதும் வாட்ஸ்அப் வழியாகத்தான். ஒருவருக்கு 45 வெள்ளி (ரிங்கிட்). வேன், வழிகாட்டி, வனத்துறை அனுமதி, பசியாறல் எல்லாம் அதில் அடக்கம். காலை ஏழு மணிக்குச் சந்தைக்கு எதிரிலிருந்து வேன் புறப்படும். பதினொன்றரைக்குள் வீடு திரும்பிவிடலாம். விருப்பமுள்ளவர்கள் மேலும் 20 வெள்ளி செலுத்தி மாலை வரை தங்கி ஆற்றில் குளித்துவிட்டும் வரலாம். காலை நடையை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். மாலைக் குளியலை இப்போதைய வடிவில் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இச்சேவையை அதிகம் நாடுகிறவர்கள் நம் ஊரின் முதியவர்கள் என்பதாலும், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து, சர்க்கரையும் இரத்த அழுத்தமுமாக இருக்கிறவர்கள் என்பதாலும், காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பேராக் மாநில மருத்துவமனைகளில் தாதியாக வேலை செய்து பணி ஓய்வு பெற்றவள். இச்சேவைக்கு என் அண்ணியையும் அழைத்துக்கொண்டு போனேன். இளம் வயதிலேயே பால்வெட்டத் தொடங்கியவர் அவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு உதிர்ந்த பழம் பொறுக்கி, தோட்டம் துண்டாடப்பட்டதும் ஊர் ஓரத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடியேறியவர். அண்ணன் காலமான பின் அவருக்கு இரவு உறக்கம் குறைந்துவிட்டது. தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்து, அதையும் பார்க்காமல் பகலைக் கழிப்பார். காட்டு நடைக்குப் பதிந்திருக்கிறேன் என்று சொன்னபோது அவர் கேட்டது இதுதான்: “விடியறதுக்கு முன்னாலேயே மரத்துக்குள்ள போயி, வெயில் ஏர்ற வரைக்கும் மரத்தோடயே நின்னவ நான். அந்த மரத்தப் பாக்கவா இப்ப காசு குடுக்கணும்கிற?”

இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இயற்கையோடு இருப்பது மனத்துக்கு நல்லது என்று இன்று ஊடகங்களில் பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் மரத்தையே காணாமல் மாடிக் கட்டடங்களில் வாழும் நகரத்தாருக்காகப் பேசப்படுவது. நம் மக்களோ மூன்று நான்கு தலைமுறைகளாக மரங்களுக்கு நடுவிலேயே வாழ்ந்தவர்கள். ஆனால் அவை எண்ணப்பட்ட மரங்கள். ஒரு பால்வெட்டுத் தொழிலாளி பங்குக்கு ஏறத்தாழ 500 மரங்கள். குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் நன்றாக ஓடும் என்பதால், தலைவிளக்கு கட்டிக்கொண்டு இருட்டிலேயே தொடங்க வேண்டும். பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்பில் பெயர் கொடுத்து, மரத்துக்கு மரம் ஓடி வெட்டி, மறுபடி அதே வரிசையில் பால் எடுத்து, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தூக்கிவந்து எடை போட வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை என்றிருந்தவர்களிடம், மழையில் நனைந்த காட்டின் வாசம் மன அமைதி தரும் என்று சொன்னால் அவர்கள் புருவத்தை உயர்த்தத்தான் செய்வார்கள். தோட்டத்தில் எவரும் கணக்கு எழுதாத மரம் ஒன்று உண்டென்றால், அது முனீஸ்வரர் நின்ற மரம்தான். வேலை முடிந்து வந்து, ஒன்றும் செய்யாமல் நிழலில் உட்கார அங்கே மட்டும்தான் இடமிருந்தது.

இந்தச் சேவையின் பெரும் சிறப்பு, அப்படிப்பட்ட நிழலை அது மீண்டும் தருகிறது என்பதே. நடை மொத்தமும் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. முன்னால் செமாய் என்னும் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவர் போகிறார். பிறந்ததிலிருந்து அறிந்த காடு என்பதால், எந்த வேரில் கால் வைக்கலாம், எந்தக் கொடியைப் பிடிக்கக் கூடாது என்பதையெல்லாம் அவர் சொல்லும் முன்பே அவர் கால்கள் காட்டிக்கொடுக்கின்றன. கூரை வேயப் பயன்படும் பெர்த்தாம் ஓலையையும், உயரத்தில் தொங்கும் பெத்தாய்க் காய்களையும் காட்டினார். விளக்கம் என்று நீட்டி முழக்கவில்லை. இத்தகைய நடைகளில் வழக்கமாக நம்மைக் களைப்படையச் செய்வது ஓயாத பேச்சுத்தான். இங்கே கைப்பேசிகளை வேனிலேயே வைத்துவிடச் சொல்கிறார்கள். அவசரத்துக்கு ஒழுங்கமைப்பாளரிடம் ஒன்று இருக்கிறது.

நடையின் நடுவில், ஆற்றின் ஓசை கேட்கும் ஒரு மேட்டில், ஆளுக்கொரு பாயைக் கொடுத்து நாற்பது நிமிடம் உட்காரச் சொல்கிறார்கள். மூச்சுப் பயிற்சி இல்லை, கண்ணை மூடச் சொல்வதில்லை, எப்படி உணர்கிறீர்கள் என்று முடிவில் கேட்பதும் இல்லை. முதலில் சில் வண்டுகளின் இரைச்சல் மட்டும் காதை அடைக்கும். பிறகு காது பழகியதும் அந்த இரைச்சலுக்குள் வேறு வேறு குரல்கள் பிரியத் தொடங்கும். தொலைவு மலைச்சரிவிலிருந்து சியாமாங் குரங்குகள் ஒன்றுக்கொன்று பதில் கொடுப்பது கேட்கும். நாங்கள் இருந்தபோது இருவாச்சிப் பறவை ஒன்று தலைக்கு மேலே கடந்து போயிற்று. இலைகள் மறைத்ததால் பறவை கண்ணில் படவில்லை, அதன் சிறகடிப்பு மட்டும் கனத்த மூச்சுப்போலக் கேட்டது.

அண்ணி பாயில் உட்காரவில்லை. பக்கத்திலிருந்த பெரிய மரத்தருகே போய் நின்று, கட்டை விரலால் அதன் பட்டையை இடப்புறத்திலிருந்து வலப்புறமாகச் சாய்வாகத் தடவிக்கொண்டே வந்தார். பால்வெட்டும் கோடு அப்படித்தான் மேலிருந்து கீழே சரிந்து வரும். மரத்தைச் சுற்றி மறுபக்கத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “எங்கயும் வெட்டே விழல பாரு, எவ்வளவு மழமழன்னு இருக்கு” என்றார். அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்தார். அன்று திரும்பும் வழியில், பல மாதங்களாக வாய் திறந்து பேசாதிருந்த அண்ணனைப் பற்றி வேனில் தாமாகவே பேசினார். ஒரு காலைப் பொழுது ஒருவரின் துயரத்தைத் தீர்த்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வீட்டுக்கூடத்தில் வந்திருக்காது என்பது எனக்கு உறுதி.

இதற்கு அறிவியல் தரும் ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதையும் பார்க்க வேண்டும். தாதியர்க்கு மிகவும் அறிமுகமானது அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு. பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரை, வயது முதலியவை ஒத்துவரும்படி இணைகளாகப் பிரித்து அவர் ஒப்பிட்டார். சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்த படுக்கையில் இருந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். செங்கல் சுவர் மட்டுமே தெரிந்தவர்களுக்கு 8.70 நாள் ஆயிற்று. முன்னவர்கள் கடுமையான வலி மருந்துகளையும் குறைவாகவே கேட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அது புதுமையாகத் தோன்றாது. வராந்தாவும் மரமும் இருந்த பழைய வார்டுகளில், நடமாட முடிந்த நோயாளிகள் எந்தப் பக்கத்துப் படுக்கையைக் கேட்டார்கள் என்பதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம்.

அண்ணியைப் போன்றவர்களுக்கு இன்னும் பொருத்தமானது 2015இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. 38 பேரில் சிலரை மரங்களும் புல்வெளியும் உள்ள இடத்திலும், மற்றவர்களைப் போக்குவரத்து மிகுந்த பெருஞ்சாலை ஓரத்திலும் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். இயற்கையில் நடந்தவர்களிடம், ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மனத்தில் அசைபோடும் பழக்கம் குறைந்தது. அதோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடும் தணிந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆக, நடையின் பலன் மட்டுமே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஏன் இப்படி நிகழ்கிறது என்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல், ஸ்டீவன் காப்லான் இணையர் தந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. வேலையிலும் வீட்டுக் கணக்கிலும் நாம் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும் தன்மையுடையது. ஓடும் நீரும் அசையும் இலையும் நம் கவனத்தை வற்புறுத்தாமல் ஈர்ப்பதால், களைத்த கவனம் அந்நேரத்தில் ஓய்வு பெறுகிறது என்கிறார்கள் அவர்கள். தோட்டத்து மரங்கள் நம்மவர்களுக்கு ஏன் அந்த ஓய்வைத் தரவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். பட்டையைக் காயப்படுத்தாமல் மெல்லிய சீவலாக வெட்ட வேண்டிய ஒவ்வொரு மரமும் முழுக் கவனத்தைக் கேட்டது. எடைத் தராசு மீதிக் கவனத்தைக் கேட்டது. மரம் அருகிலிருந்தால் மட்டும் போதாது, அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்கு இருக்கக் கூடாது. இச்சேவையை நடத்தும் இளைஞர்கள் தோட்டத்தில் பிறந்தவர்கள் என்பதால், இதைப் படித்தறியாமலே உணர்ந்திருக்கிறார்கள்.

இனி என் மனக்குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் துண்டறிக்கை. காட்டுக் காற்று சர்க்கரையைக் கட்டுப்படுத்தும், புற்றுநோய்ச் செல்களை அழிக்கும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது கூற்று எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். ஜப்பான் வனத்துறை 1982இல், காட்டில் அமைதியாகப் பொழுதைக் கழிக்கும் ‘காட்டுக் குளியல்’ முறையை மக்களிடையே பரப்பத் தொடங்கியது. பின்னர், தோக்கியோவின் நிப்பான் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த சிங் லி, காட்டில் தங்கிவந்தவர்களின் இரத்தத்தில், புற்றுநோய்ச் செல்களையும் தாக்கக்கூடிய சில நோய் எதிர்ப்பு அணுக்களின் செயல்பாடு கூடுவதாகக் கண்டார். 2008இல் வெளியான அவருடைய ஆய்வுகளில் ஒன்றில் பங்கேற்றவர்கள் நலமாக இருந்த 13 தாதியர். அவர்கள் மூன்று நாள் தங்கினார்கள். ஆர்வமூட்டும் முடிவுதான், எனினும் நலமாக இருந்த 13 பேரின் இரத்த அளவு மாறியதிலிருந்து, தாப்பாவில் ஒரு காலை நடந்தால் புற்றுநோய் குணமாகும் என்னும் முடிவுக்குத் தாவ எந்த வழியும் இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களோடு வந்த ஒரு பெரியவர், மாதம் இருமுறை இப்படி வந்தால் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். இந்நிலையில் அந்தத் துண்டறிக்கை ஒருவரையேனும் மருந்தை நிறுத்தச் செய்தால், அதனால் வரும் தீங்கை எந்தக் காடும் ஈடுசெய்யாது. ஐயா, மாத்திரையைப் போட்டுக்கொண்டு காட்டுக்கு வாருங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கட்டும் என்று அவரிடம் சொன்னேன்.

இதோடு சேர்ந்ததுதான் பசியாறல் பிரச்சினையும். நாசி லெமாக்கும் தேநீரும் நடை முடிந்த பிறகுதான் தரப்படுகின்றன. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் மேடேறினால் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்துக் கைநடுங்கி மயங்கிவிழ வாய்ப்புண்டு. புறப்படும் முன் அனைவருக்கும் ஏதேனும் கொடுக்க வேண்டும். குறைந்தது, சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றாவது முன்கூட்டியே எழுத வேண்டும். அட்டைகளைப் பற்றியும் ஒரு சொல்: அட்டைக்கடி பெரும்பாலும் ஆபத்தற்றது, ஆனால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்போடு வந்தால் சிறு காயமும் தெரியாமல் புண்ணாகிவிடும். மூடிய காலணியைக் கட்டாயமாக்காமல் விட்டிருப்பது சரியில்லை.

மறுமுறை போனபோது கூட்டம் அதிகமாக இருந்தது. பள்ளி விடுமுறை என்பதால் இரண்டு வேன் நிறைய ஆட்களை ஏற்றிவிட்டார்கள். ஒரு குடும்பம் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டபோதும் யாரும் தடுக்கவில்லை. அந்த 45 வெள்ளி எதற்காகக் கொடுக்கப்படுகிறதோ அந்த அமைதியே அன்று கிடைக்கவில்லை. பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை என்று அவர்கள் வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

மாலைக் குளியலை நான் ஏற்காததற்குக் காரணம், கெப்பாலா ஆயர் என்று நம் நாட்டில் எல்லோரும் அஞ்சும் திடீர் வெள்ளம். நாம் குளிக்கும் இடத்தில் வானம் வெளுத்திருக்கும். மேலே மலையில் பெய்த மழை, மரக்கட்டைகளையும் சேற்றையும் உருட்டிக்கொண்டு சில நிமிடங்களில் இறங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மேற்குக்கரை மலைப்பகுதிகளில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. அந்த நேரத்தில்தான் இச்சேவை முதியவர்களையும் பிள்ளைகளையும் ஆற்றில் இறக்குகிறது. தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்துவந்தாலோ, ஆற்றின் இரைச்சல் மாறினாலோ உடனே கரையேற வேண்டும் என்பதைக்கூட யாரும் சொல்லித்தரவில்லை. செமாய் வழிகாட்டி நண்பகலோடு போய்விடுகிறார். அறிந்தவர் ஒருவர் தேவைப்படும் நேரத்தில் அவர் இல்லை. குளியலைக் காலைக்கு மாற்றி, அவரையும் உடன் வைத்துக்கொண்டால் இக்குறை பெரிதும் தீரும். ஆற்றில் குளித்தவர்களுக்கு அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சல் வந்தால், எலியின் சிறுநீரால் பரவும் லெப்தோஸ்பைரோசிஸ் நோயாக இருக்கக்கூடும் என்பதால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

கட்டணம் நியாயமானதா என்று பலர் என்னிடம் கேட்டார்கள். வேனுக்கும் அனுமதிக்கும் வழிகாட்டியின் கூலிக்கும் ஆகும் செலவைப் பார்த்தால் 45 வெள்ளி அதிகமில்லை. ஆனால் பிள்ளைகள் தரும் பணத்தில் வாழும் ஒரு மூதாட்டிக்கு அது பெரிய தொகை. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தகவல்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் கழிப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது கூடுதல் என்று கண்டது. அந்த நேரத்தை ஒரேயடியாகவும் கழிக்கலாம், பல தடவையாகவும் கழிக்கலாம். நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்களா என்ற கேள்விக்கு அந்த ஆய்வு மட்டும் விடையாகாது என்றாலும், அதிலிருந்து நமக்குப் புரிவது ஒன்று உண்டு: எப்போதோ ஒருமுறை காட்டுக்குப் போய்வருவது போதாது. 36 பேரை வைத்துச் செய்து அதே ஆண்டில் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், 20 முதல் 30 நிமிடம் வரை இயற்கையில் இருந்தபோதுதான் உடலின் மன அழுத்தச் சுரப்பான கார்ட்டிசோல் மிக விரைவாகக் குறைந்தது. அவ்வளவு நேரத்துக்கு ஊருக்குள் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடியே போதும். அதற்கு யாரும் காசு கேட்பதில்லை.

பிள்ளைகள் காரில் அழைத்துப்போவார்கள் என்றால், 1880இல் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் அமைக்கப்பட்ட தைப்பிங் ஏரிப் பூங்கா இருக்கிறது. முதியவர்கள் நடக்கச் சமதரை, நீர்மேல் சாய்ந்து நிழல் தரும் மரங்கள், உட்கார இருக்கைகள் எல்லாம் அங்கே உண்டு. தெற்கே போனால் கெப்போங் வன ஆய்வுக் கழகத்தின் காடு. ஈயம் தோண்டிப் பாழாக்கிய நிலத்தில் 1920களிலிருந்து கையால் நட்டு வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. தாப்பாவைச் சுற்றியும் சுரங்கம் மூடிய நிலங்கள் சும்மா கிடக்கின்றன. நம் தாமான்களில் வடிகால் ஓரம் ஒரு மரக்கன்று வைக்கக்கூட இடம் விடாமல் சிமெண்டு பூசுகிறோமே என்ற வருத்தம் கெப்போங் போய்வரும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஏற்படும்.

என் குறைகளை எழுதி அனுப்பியதற்கு அந்த இளைஞர்கள் மரியாதையாகவே பதில் தந்தார்கள். துண்டறிக்கையிலிருந்து நோய் தீரும் என்ற வரிகளை எடுத்துவிடுவதாகவும், புறப்படும் முன் ரொட்டியும் மைலோவும் கொடுக்கப்போவதாகவும் சொன்னார்கள். ஆட்களின் வரம்பு பற்றியும் மாலைக் குளியல் பற்றியும் இன்னும் உறுதியான பதில் வரவில்லை. அதுவரை காலை நடைக்கு மட்டும் பதியுங்கள், பள்ளி விடுமுறை நாள்களைத் தவிருங்கள். கைத்தடி வேண்டுமானால் முதல் நாளே சொல்லிவிட்டால் எடுத்து வருகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆற்றோரத்துச் சரிவில் இறங்கும் கடைசிப் பகுதி கடினம். மேட்டிலேயே உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் திரும்பி வரும்வரை ஒருவர் துணைக்கு இருப்பார். அங்கே கழிவறை கிடையாது என்பதால் தாப்பாவிலேயே போய்விட்டு வேனில் ஏறுவது நல்லது. அண்ணி அடுத்த மாதத்துக்கும் பதிந்திருக்கிறார். இம்முறை காசை அவரே கொடுத்துவிட்டார்.